முதலில் கண்ணை மூடுங்கள், அப்புறம் ஆப் செய்யலாம்

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்து குறுவை போட்டால், அது செப்டம்பர், அக்டோபரில் அறுப்புக்கு வரும் நேரத்தில் மழையும் சேர்ந்து வரும். அந்த ஒரே வாரத்தில் ஊரே அறுப்பு மெஷின் தேடும். எந்த மெஷின் எங்கே சும்மா நிற்கிறது, மணிக்கு என்ன வாடகை, பெல்ட் மெஷினா டயர் மெஷினா என்று போனிலேயே பார்த்துப் பதிவு செய்கிற மாதிரி நானும் ஒரு நண்பனும் ஒரு ஆப் செய்தோம். காலியாக இருக்கும் மெஷினுக்குப் பச்சைப் புள்ளி, ஆள் பிடித்துவிட்ட மெஷினுக்குச் சிவப்புப் புள்ளி. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதலில் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்புரை ஆபரேஷன் ஆனவர், போனில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருப்பவர். அவர் போனில் 'பதிவு செய்க' என்ற பட்டன் 'பதிவு செ' வரைக்கும்தான் தெரிந்தது, மிச்சம் பட்டனுக்கு வெளியே போய்விட்டது. அப்புறம் கடைத்தெருவில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அண்ணன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது, ஆனால் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாகப் போன் பார்ப்பார். அவர் விரலை நகர்த்த நகர்த்த போன் சொன்னது: "அன்லேபிள்ட், பட்டன். அன்லேபிள்ட், பட்டன். அன்லேபிள்ட், பட்டன்." மூன்று தடவை கேட்டுவிட்டு, "தம்பி, கதவெல்லாம் இருக்கு, எது கொல்லைக் கதவு எது வாசக்கதவுன்னு தெரியலயே" என்றார்.

இந்தக் கட்டுரை ஆப் செய்யப் புதிதாக வந்தவர்களுக்கு, பார்வையில்லாதவர், வயதானவர் எல்லோரும் பயன்படுத்துகிற மாதிரி ஆப் செய்வதைப் பற்றி. விதிமுறைப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தால் பாதியில் மூடி வைத்துவிடுவீர்கள், நானும் அப்படித்தான் மூடி வைத்தேன். காதிலிருந்து ஆரம்பியுங்கள், மற்றதெல்லாம் தானாக வந்து சேரும்.

உங்கள் ஆப்பை ஒரு தடவை கேளுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அதில் ஆக்சசிபிலிட்டி, அதில் டாக்பேக். ஆன் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை: இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் டாக்பேக் ஆன், ஆஃப் ஆகிற குறுக்குவழி அங்கேயே இருக்கும், அதை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆன் செய்த பிறகு எதைத் தொட்டாலும் வேலை செய்யாமல், போன் கெட்டுவிட்டது என்று பயந்து ஸ்விட்ச் ஆஃப் செய்யப் பார்ப்பீர்கள். எல்லோருக்கும் முதல் நாள் இதுதான் நடக்கிறது.

ஒரு விரலால் வலது பக்கம் தள்ளினால் அடுத்த பொருள், இடது பக்கம் தள்ளினால் முந்தையது. இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். தமிழ்க் குரல் இல்லையென்றால் டெக்ஸ்ட் டு ஸ்பீச் செட்டிங்கில் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளலாம். ஐபோனில் இதற்குப் பெயர் வாய்ஸ்ஓவர், 2009-ல் வந்த 3ஜிஎஸ் மாடலிலிருந்தே உண்டு. எங்கள் பக்கம் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுதான் என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு உங்கள் ஆப்பில் ஒரு முழு வேலையை முடித்துப் பாருங்கள். எங்களுக்கு அது 'நாளைக் காலையில் ஒரு பெல்ட் மெஷின் பதிவு செய்வது'. எங்கே தொலைந்து போனீர்கள், எங்கே கண்ணைத் திறந்து திருட்டுத்தனமாகப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கண்ணைத் திறந்த இடமெல்லாம் ஓட்டை. எங்கள் தாளில் 19 இடம் இருந்தது. ஆப்பில் மொத்தமே ஆறு திரைதான்.

பெயர் வையுங்கள், ஒழுங்கான பெயராக

ஓட்டைகளில் பாதிக்கு மேல் பெயர் இல்லாததால் வருபவை. படம் மட்டும் உள்ள பட்டனுக்கு ஆண்ட்ராய்டில் கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன், ரியாக்ட் நேட்டிவில் ஆக்சசிபிலிட்டி லேபிள், ஃபிளட்டரில் செமான்டிக்ஸ் என்று ஆளுக்கொரு பெயரில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: அந்தப் பட்டனைக் குரல் என்ன சொல்லி அழைக்க வேண்டும் என்பது. நிரப்புவது ஒரு வரி வேலை. என்ன நிரப்புவது என்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

படம் எப்படி இருக்கிறது என்று எழுதாதீர்கள், தொட்டால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். 'டெலிபோன் படம்' என்றால் யாருக்கு என்ன லாபம்? 'மெஷின்காரருக்குப் போன் செய்ய' என்று இருக்க வேண்டும். 'பட்டன்' என்ற சொல்லை நீங்கள் சேர்க்க வேண்டாம், டாக்பேக் தானே சேர்த்துக்கொள்ளும், நீங்களும் சேர்த்தால் 'பட்டன் பட்டன்' என்று இரண்டு தடவை வரும். ஓரத்தில் அழகுக்கு வைத்த நெற்கதிர்ப் படத்துக்கு எந்தப் பெயரும் வேண்டாம், குரல் அதைத் தாண்டிப் போகிற மாதிரி காலியாக விடுங்கள்.

ஒரு மெஷினைப் பற்றிய அட்டையில் நான்கு துண்டு எழுத்து இருந்தால், நான்கு தடவை விரலைத் தள்ள வைக்காமல் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். 'பெல்ட் மெஷின், வடுவூர், மணிக்கு 2,500 ரூபாய், நாளை காலை காலி' என்று ஒரே மூச்சில் வந்தால் கேட்பவர் அடுத்த அட்டைக்குச் சட்டென்று போகலாம். 'ரூ.', 'ஏக்.' மாதிரிச் சுருக்கங்களைக் குரல் எப்படிப் படிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். முழுசாக எழுதிவிடுவது நல்லது.

பட்டன் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டோ ஃபிளட்டரோ கொடுக்கிற பட்டனையே எடுங்கள். நான் ஒரு சதுரத்துக்குப் பச்சை அடித்து, தொட்டால் வேலை செய்கிற மாதிரி நானே ஒன்று செய்திருந்தேன். கண்ணுக்கு அது பட்டன். டாக்பேக்குக்கு அது வெறும் எழுத்து, அதைத் தொடலாம் என்று சொல்லவே இல்லை.

தமிழுக்கென்று இருக்கும் தொல்லைகள்

இதை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சொல்ல மாட்டார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதலாவது, தமிழ் எழுத்தை ஆங்கில ஆப் என்று அறிவித்துவிட்டுக் காட்டாதீர்கள். தமிழ்ச் சொற்களை அதற்குரிய தமிழ் மொழிக் கோப்பில் வையுங்கள், வலைப்பக்கம் என்றால் மொழி தமிழ் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அப்போதுதான் குரலுக்கு எந்த மொழியில் படிப்பது என்று தெரியும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி வைத்தால் 'நெல்' என்பது என்னவாகவோ வந்து விழும்.

இரண்டாவது, பாமினி என்ற பழைய எழுத்துரு. டிடிபி சென்டரில் அடித்துக் கொடுத்த நோட்டீஸை அப்படியே காப்பி செய்து ஆப்பில் ஒட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும்தான், குரல் அதைத்தான் படிக்கும். எல்லாப் போனும் தமிழென்றே அறிகிற யூனிகோடுக்கு மாற்றாமல் எதையும் ஏற்றாதீர்கள். நோட்டீஸைப் படமாக எடுத்துப் போடுவதும் இதே கதைதான், படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையில்லாதவரால் படிக்கவும் முடியாது, பெரியப்பாவால் பெரிதாக்கவும் முடியாது.

மூன்றாவது, இடம். ஆங்கிலத்தில் 'கேன்சல்' என்று ஆறு எழுத்தில் முடிவது தமிழில் 'முன்பதிவை ரத்து செய்' என்று நீளும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த பட்டனில் தமிழைத் திணித்தால் பிதுங்கத்தான் செய்யும். பட்டனுக்கு உயரத்தை நிலையாக வைக்காதீர்கள், எழுத்து இரண்டு வரியாக மடிந்தால் பட்டனும் வளரட்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டன் வைத்தால் பெரிய எழுத்தில் இரண்டும் கெடும், ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். வரி உயரத்தையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். மேலே புள்ளி வெட்டுப்பட்டால் 'பட்டா' என்பது 'படடா' ஆகிவிடும், கீழே 'கூ'வின் வால் போய்விடும்.

நான்காவது, சொல். நிலத்தின் அளவு கேட்கிற இடத்தில் ஏக்கர் என்று மட்டும் வைத்திருந்தோம். எங்கள் பக்கம் வயசானவர்கள் மா கணக்கில் பேசுவார்கள், 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது சுமார் 33 சென்ட். மூன்று மா வைத்திருப்பவரை ஏக்கரில் புள்ளி வைத்துக் கணக்குப் போடச் சொன்னால் அவர் போனைப் பேரனிடம் கொடுத்துவிடுவார், நீங்கள் 'முதியவர்களுக்கு டெக்னாலஜி வராது' என்று எழுதிவிடுவீர்கள். மா என்று ஒரு தேர்வைச் சேர்த்தோம், பெருக்கல் ஆப் செய்துகொள்ளட்டும்.

எழுத்து, நிறம், வெயில்

எழுத்தின் அளவை ஆண்ட்ராய்டில் எஸ்பி என்ற அலகில் கொடுங்கள், டிபி என்ற மாறாத அலகில் கொடுத்தால் பயனர் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கினாலும் உங்கள் ஆப் கண்டுகொள்ளாது. ஆண்ட்ராய்டு 14 முதல் 200 சதவீதம் வரை பெரிதாக்க முடிகிறது. டபிள்யூசிஏஜி என்ற உலகத் தரவிதியும் (2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது) 200 சதவீதத்துக்கு ஆப் உடையாமல் நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. அந்த அளவில் வைத்து எல்லாத் திரையையும் ஒரு தடவை திறந்து பாருங்கள், பத்து நிமிட வேலை.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளையின் மேல் 999999 என்ற நிறக் குறியீட்டுச் சாம்பல் நிறம் டிசைன் செய்பவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், அது 2.85-தான் தேறும். 767676 வரை கறுப்பாக்கினால் 4.5-ஐத் தாண்டிவிடும். வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சள் பூத்து மங்கும், வெளிர் நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். கணக்கெல்லாம் சரியாக வந்த பிறகும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வரப்பில் நின்று ஒரு தடவை ஆப்பைத் திறந்து பாருங்கள். அங்கேதான் அது பயன்படப் போகிறது, ஏசி அறையில் இல்லை.

பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி என்ற எங்கள் மகா யோசனை இங்கேதான் கவிழ்ந்தது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள், ஆண்களில் குறிப்பாக, நிறையப் பேர் இருக்கிறார்கள், பலருக்குத் தங்களுக்கு அப்படி இருப்பதே தெரியாது. புள்ளி இருக்கட்டும், பக்கத்தில் 'காலி', 'ஆள் பிடித்தாச்சு' என்று எழுதிவிட்டோம். அவ்வளவுதான் தீர்வு.

விரல்

நாற்றுப் பறித்து, களை எடுத்துக் காய்ந்து போன விரலைத் தொடுதிரை சில நேரம் உணர்வதே இல்லை. ஈரக் கையிலும் அப்படித்தான். நடுக்கம் உள்ள கை ஒரு பட்டனைக் குறி வைத்து அடுத்ததைத் தொடும். ஆகவே தொடுகிற இடம் ஆண்ட்ராய்டில் 48-க்கு 48 டிபிக்குக் குறையக் கூடாது, அது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். ஆப்பிள் 44 புள்ளி என்கிறது. டபிள்யூசிஏஜி குறைந்தபட்சம் 24 பிக்சல் என்று வைத்திருக்கிறது, அதை நம்பி நிற்காதீர்கள், அது தப்பித்துக்கொள்கிற அளவு.

ஒளித்து வைத்த சைகைகளை நம்பாதீர்கள். பதிவை இடது பக்கம் தள்ளினால் ரத்தாகும் என்று வைத்திருந்தோம். பெரியப்பா பக்கத்தை மேலே நகர்த்தப் போய், கட்டைவிரல் சாய்ந்து, பதிவு ரத்தாகி, அது அவருக்குத் தெரியவும் இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வயலில் நின்றுகொண்டு மெஷின் எங்கே என்று எனக்குப் போன். தள்ளுவது, நீண்ட நேரம் அழுத்துவது, இழுத்துக்கொண்டு போவது எதுவாக இருந்தாலும் அதே வேலையைச் செய்ய கண்ணுக்குத் தெரிகிற ஒரு பட்டன் கூடவே இருக்க வேண்டும், ரத்து மாதிரி விஷயத்துக்கு 'நிச்சயமா?' என்ற கேள்வியும் வேண்டும். அப்புறம் அந்தத் திரையின் அடியில் மின்னி மறையும் செய்திகள். ஆண்ட்ராய்டின் டோஸ்ட் செய்தி கூடிப் போனால் மூன்றரை நொடி நிற்கும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் போய்விடும். முக்கியமான செய்தி, ஆள் மூடும் வரை திரையிலேயே நிற்கட்டும்.

ஓடிபி, படிவம், போன் அழைப்பு

பெட்டிக்குள் மங்கலாக 'உங்கள் பெயர்' என்று எழுதி, தட்ட ஆரம்பித்ததும் மறைந்துவிடுகிற வகைப் படிவம் வேண்டாம். பெயர்ப்பலகை பெட்டிக்கு மேலே நிலையாக இருக்கட்டும். தப்பு நேர்ந்தால் பெட்டியைச் சிவப்பாக்கிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், 'போன் நம்பரில் ஒரு எண் குறைகிறது' என்று எழுத்தில் சொல்லுங்கள், குரலும் அதைப் படிக்கிற மாதிரி வையுங்கள்.

ஓடிபிக்கு 30 நொடி கொடுத்து ஓடும் கடிகாரத்தைக் காட்டுவது வயதானவரைப் பதற வைப்பதற்கென்றே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது. நேரத்தைக் கூட்டுங்கள், காப்பி செய்து ஒட்ட விடுங்கள், வந்த எஸ்எம்எஸ்ஸிலிருந்து எண்ணைத் தானே நிரப்பும் வசதியைப் போடுங்கள். எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல், பல வீடுகளில் அம்மா அப்பாவின் பதிவுகளில் எல்லாம் மகனின் நம்பர்தான் இருக்கும், மகன் இருப்பது சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ. ஒரு தடவை உள்ளே வந்தவரை வாரம் ஒரு முறை வெளியே தள்ளி மறுபடி ஓடிபி கேட்டால், ஓடிபி சிங்கப்பூருக்குப் போகும்.

முகத்தைக் காட்டு, கண்ணைச் சிமிட்டு என்று கேட்கும் சரிபார்ப்பை வைக்கும் எண்ணம் இருந்தால் நிறுத்துங்கள். அமில வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையில்லாத ஒருவரும் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுக முடிவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, கேஒய்சி என்ற வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு முறைகளை எல்லோருக்கும் ஏற்றபடி மாற்ற உத்தரவிட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது, 1995 சட்டத்தில் 7-தான் இருந்தது. டிஜிட்டல் பொருட்களை எல்லோரும் அணுக முடிவதற்கென்று ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலையும் இருக்கிறது. ஆக, இதெல்லாம் நாம் பார்த்துச் செய்கிற தர்மம் இல்லை.

காது கேளாதவர்களை நாங்கள் முதலில் யோசிக்கவே இல்லை. மெஷின் ஓட்டுநர் கிளம்பும்போது போன் செய்வார், அதுதான் ஏற்பாடு. பேச்சுக் கேட்காத ஒரு விவசாயிக்கு அந்தப் போனால் என்ன பயன்? 'எனக்கு மெசேஜ் மட்டும்' என்று ஒரு தேர்வு வைத்தோம், ஓட்டுநர் ஒரு தட்டுத் தட்டினால் 'வண்டி கிளம்பிவிட்டது' என்று போய்விடும். வீடியோ போட்டால் கீழே எழுத்து ஓட வேண்டும். அந்த எழுத்து எளிய தமிழாக இருக்கட்டும், சைகை மொழியையே முதல் மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி.

கருவியும் ஆளும்

கூகுளின் ஆக்சசிபிலிட்டி ஸ்கேனர் இலவசம். அதை இறக்கி ஆன் செய்து உங்கள் திரையில் ஓட்டினால் சின்னப் பட்டன், மங்கல் எழுத்து, பெயரில்லாத படம் எல்லாவற்றையும் கட்டம் கட்டிக் காட்டும். கட்டம் எதுவும் வரவில்லை என்பதால் ஆப் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். போன் பட்டனுக்கு 'படம் 3' என்று நீங்கள் பெயர் வைத்திருந்தாலும் அது சரி என்று விட்டுவிடும்.

கடைசியில் ஆட்களோடு உட்கார வேண்டும். நாலைந்து பேர் போதும், ஆனால் வேறு வேறு ஆட்களாக. திண்ணையோ டீக்கடையோ, அவர்கள் இடத்துக்கு நீங்கள் போங்கள், அவர்கள் போனிலேயே போட்டுப் பாருங்கள், பழைய போனில் டாக்பேக்கோடு சேர்ந்து உங்கள் ஆப் எவ்வளவு திணறுகிறது என்பதும் அங்கேதான் தெரியும். அரை நாள் வாங்கினால் அரை நாள் கூலி கொடுங்கள். ஒரே ஒரு வேலை சொல்லுங்கள், 'நாளைக்கு ஒரு மெஷின் பிடிங்க' என்று, அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். கை துறுதுறுக்கும், போனை வாங்கி 'இங்க பாருங்க, இதைத் தொடணும்' என்று காட்டத் தோன்றும், காட்டாதீர்கள். 'எப்படி இருக்கு?' என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு தம்பி, காபி சாப்பிட்டுப் போங்க" என்றுதான் பதில் வரும், மனசு நோகக் கூடாது என்று. வாய் சொல்வதை விட்டுவிட்டுக் கட்டைவிரல் எங்கே தயங்கி நிற்கிறது என்று பாருங்கள்.

ஒவ்வொரு புதுப் பதிப்பை வெளியிடும் முன்னும் அந்த டாக்பேக் சோதனையை மறுபடி செய்யுங்கள். தாளடி அறுப்புக்கு முன்னால் நண்பன் ஐகான்களை எல்லாம் புதுசாக மாற்றிக் கொடுத்தான், நான் பார்க்காமலே வெளியிட்டுவிட்டேன். சாயங்காலம் பெட்டிக்கடை அண்ணனிடமிருந்து போன். "தம்பி, மறுபடியும் கதவு கதவுங்குது." பழைய ஐகான்களோடு அவற்றின் பெயர்களும் போய்விட்டிருந்தன. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் போட்டேன், மொத்தம் 11.